ஊறாத பயறு

திருச்சுழி
25-8-1974

அன்பு மகள் சண்முகவடிவுக்கு உன் ஆத்தா எழுதுவது. நலம் என்று முதலில் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன், இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இந்த வருஷம் அதற்குத்தான் நலம் என்று பெயர். நீ அந்தக் குளிரில் இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாயா என்பதை மறைக்காமல் எழுது. எடின்பரோவில் மூன்று வாரமாக விடாத மழை, துணி காயவில்லை என்று போன கடிதத்தில் குறைப்பட்டிருந்தாய். அதை நான் சத்தமாகப் படித்தபோது உன் தம்பி சோலை சாப்பிட்ட கையை உதறிவிட்டு எழுந்து போனான், அவன் பெண்சாதி தங்கத்தாய், அண்ணியை அந்த மழையில ஒரு குடம் பார்சல் பண்ணச் சொல்லுங்க அத்தை என்றாள். அவளுக்கு இது ஆறாம் மாதம், கஞ்சியைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறாள், ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. இனிமேல் மழையைப் பற்றி எனக்கு எழுதாதே. அப்புறம் கணக்கு யோசிக்கும்போது கிலுகிலுப்பையை ஆட்டுகிற பழக்கத்தை விடு, வீட்டுக்காரம்மா சுவரைத் தட்டுகிறாள் என்று நீயே எழுதியிருந்தாய், கல்யாண வயதில் இருக்கிற பெண் பச்சைப்பிள்ளை மாதிரி கிலுகிலுப்பை ஆட்டினால் அந்த ஊரில் மட்டும் சிரிக்காமல் இருப்பார்களா.

ஆறு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. காரணம் உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் வந்ததால் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே, அது அப்படியேதான் இருக்கிறது. நீ அச்சடித்து அனுப்பிய அந்தக் கட்டுரையைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னேன். பாதிக்கு மேல் எழுத்தும் கோடுமாக இருக்கிறது, எனக்கும் விளங்காது என்றார். விளங்கின இடத்தில், வறண்ட சீமையில் ஒரு விவசாயப் பெண் இருபது வருஷம் பாடுபட்டுத் தன் பயறுக்கு இருந்த பாதுகாப்பை எல்லாம் தானே களைந்து எறிந்தாள் என்று இருந்ததாம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாரும்மா அந்தப் பொம்பள, நம்ம பக்கத்து ஆளு மாதிரியில்ல தெரியுது என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து படிக்கிற காகிதத்தில் பெற்றவளைத் தப்புக்கு உதாரணமாக வைத்தாய், வைத்ததுதான் வைத்தாய், பேரையாவது போட்டிருக்கக் கூடாதா. நல்லதற்குத்தான் பேர் போடுவார்கள், கெட்டதற்குப் போடாமல் விடுவது மரியாதை என்று நினைத்திருப்பாய். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். நல்லதோ கெட்டதோ, நான் செய்த வேலை என் பேரில் இருக்க வேண்டும்.

உன் கட்டுரையில் விட்டுப்போனதை நான் எழுதுகிறேன், கேட்டுக்கொள். நான் கல்யாணமாகி வந்த வருஷம் சம்பந்தக்காரர்கள் வந்திருந்த பந்தியில் பாசிப்பயறு கடைந்து வைத்தேன். நம் மானாவாரிக் காட்டுப் பயறு எப்போதும் எட்டில் ஒன்று தண்ணீரில் ஊறாது, எவ்வளவு வேக வைத்தாலும் கல்லாகவே கிடக்கும், எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கல்லில் ஒன்று என் மாமனாருக்கு அகப்பட்டு, பல் பாதியாக ஒடிந்து இலையில் விழுந்தது. அவர் அத்தனை பேர் முன்னால், மருமக பயறு கடையல, ரோட்டுக்குச் சல்லி கொட்டியிருக்கா என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிய கரண்டியோடு நின்றுகொண்டே நினைத்தேன், இந்த வீட்டுப் பயறில் ஒரு கல் இல்லாமல் பண்ணுகிறேனா இல்லையா பார் என்று. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் சாமான் மடித்துக் கொடுக்கிற காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரியே இதையும் நானே கண்டுபிடித்தேன். செடிக்குச் செடி நெற்றைத் தனித்தனியாகப் பறித்துத் தனித்தனித் துணியில் முடிந்து, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பிடி எடுத்து ஒவ்வொரு தேங்காய்ச் சிரட்டையில் ஊறப் போடுவேன். விடிந்ததும் நசுக்கிப் பார்ப்பது. கல் கிடந்த சிரட்டையின் செடி குழம்புக்கு, கல் இல்லாத சிரட்டையின் செடி விதைக்கு. முதல் வருஷம் பொறுக்கின கல்லை எறியப் போனபோது உங்கய்யா வாங்கி, இதுக்காவது ஆகட்டும் என்று ஓலையில் கிலுகிலுப்பை முடைந்து அதற்குள் போட்டு உன் தொட்டிலில் கட்டினார். நடக்கத் தெரிந்ததும் நீயே சிரட்டை சிரட்டையாகக் கைவிட்டுத் துழாவி, இதில் மூன்று, இதில் ஒன்று, இதில் இல்லை என்று எண்ணிச் சொல்வாய். கணக்கு உனக்கு வந்தது அந்தச் சிரட்டையில்தான், இல்லையென்று சொல்லு பார்ப்போம்.

வருஷத்துக்கு வருஷம் கல் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஊறப்போட்ட எந்தச் சிரட்டையிலும் ஒன்றுகூட இல்லாமல் போனது. அருப்புக்கோட்டைக் கடைகளில் சந்தனம்மா பயறு இருக்கா என்று என் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். ஒரே கொதியில் வெந்துபோகுது, விறகு மிச்சம் என்று ஓட்டல்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். மல்லாங்கிணற்றிலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் விதைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், சுற்று வட்டாரத்தில் எல்லோரும் பழைய விதையை விட்டுவிட்டு என் விதைக்கு மாறினார்கள். உங்கய்யா செத்த பிறகு என்னைத் தலை நிமிர்த்தியது அந்தப் பயறுதான், பொட்டப்பிள்ளையைக் கடல் தாண்டி விட்டவ என்று பேசினவர்கள் என் வாசலில் வந்து சாக்கை விரித்துக்கொண்டு நின்றதும் அந்தப் பயறுக்காகத்தான். இதை எல்லாம் உன் கட்டுரையில் எந்தக் கோட்டில் போட்டாய்.

நீ புறப்பட்ட வருஷம் கோடையில் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டுக் காட்டினாய். ஏழு வருஷம் நன்றாக விளைந்து ஒரு வருஷம் பொய்த்தால் மொத்தத்தில் லாபம்தானே என்று நான் கேட்டேன். ஆத்தா நீ வருஷங்களைக் கூட்டுகிறாய், பெருக்கிப் பார் என்றாய். இந்த வருஷத்துப் பயறுதான் அடுத்த வருஷத்துப் பயறுக்குத் தாய், ஒன்று பத்தாகும், பத்து நூறாகும், நடுவில் ஒரு வருஷம் எல்லாம் செத்தால் அது சைபரால் பெருக்கினது மாதிரி, அதற்குப் பிறகு எத்தனை நல்ல வருஷம் வந்தாலும் சைபர் சைபராகவே நிற்கும் என்றாய். அதனால்தான் முதல் மழைக்கே மொத்தமும் கண் விழித்த வம்சங்கள் இந்தக் காட்டில் எப்போதோ அழிந்துபோயின, சிலது விழித்துச் சிலது தூங்குகிற வம்சம் மட்டும் மிஞ்சியது, எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மழை ஏமாற்றுகிற சீமையில் எட்டில் ஒன்று கல்லாகக் கிடப்பது சும்மா இல்லை என்றாய். எந்தப் பயறும் சிலேட்டு எடுத்து உட்காரவில்லை ஆத்தா, ஆயிரமாயிரம் வருஷமாக வானம் கொன்று கொன்று போட்ட கணக்கு இது, அந்தக் கணக்கின் விடையைத்தான் நீ சிரட்டையிலிருந்து பொறுக்கி எறிகிறாய் என்று நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. கல் வெயிலில் வருவது, வம்சத்தில் வருவதில்லை என்று நான் சண்டை பிடித்தேன். அப்படியென்றால் இருபது வருஷமாகச் சிரட்டையில் என்ன பண்ணினாய் என்று நீ கேட்டாய். நீ பஸ் ஏறின அன்றைக்கே சாணியைக் கரைத்து அந்தச் சுவரை மெழுகிவிட்டேன்.

இரண்டு வருஷமாக விளைச்சல் பரவாயில்லை என்று உனக்கு எழுதினேனே, அது நீ அங்கே மனசு கலங்காமல் படிப்பதற்காக எழுதியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. எல்லோரும் விதைத்தோம். காடு முழுக்க ஒரே நாளில், பட்டாளத்துக்காரர்கள் எழுந்து நிற்பது மாதிரி ஒரே உயரத்தில் முளைத்து நின்றது, பந்தல்குடி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள்கூட நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு பூரித்துப்போனது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. புரட்டாசி முடிவதற்குள் அத்தனையும் கருகி, மிதித்தால் நொறுங்கியது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தது வடிவு, அதுதான் கொடுமை. முன்பெல்லாம் அந்த இரண்டாம் மழைக்கு, மண்ணில் ஊறாமல் கிடந்தது பின்முளையாக வரும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தாலும் கஞ்சிக்கும் விதைக்கும் ஆகும், யாரும் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை. அந்த ஐப்பசியில் மண் கன்னங்கரேலென்று நனைந்து சும்மா கிடந்தது. நான் வரப்பு வரப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன், நம் காடு, அடுத்தவர் காடு, அதற்கு அடுத்தவர் காடு, எல்லாம் ஒன்றுபோலச் சும்மா கிடந்தது. போன வருஷமும் அச்சில் வார்த்த மாதிரி அப்படியேதான் நடந்தது. காடு கருகிக் கிடந்த தை மாதத்தில்தான் உன் கட்டுரை வந்து சேர்ந்தது. எப்படிக் கோபம் வராமல் இருக்கும்.

உன் சித்தப்பா முத்துராமலிங்கம் வாசலில் வந்து நின்று, மதினி, பயறுல கல்லு இல்லாமப் பண்ணீக, இப்பப் பயறே இல்லாமப் பண்ணிட்டீக என்றார். விதை கேட்டுச் சாக்கோடு நின்றவர்கள் எல்லோரும் இப்போது வந்து வெறுங்கையோடு நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள், திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பழைய விதை எங்காவது ஒரு படி கிடைக்குமா என்று காரியாபட்டிச் சந்தையில் நான்கு வாரம் அலைந்தேன். யாரைக் கேட்டாலும் நம்மகிட்ட இருக்கிறது உங்க விதைதானே அத்தாச்சி என்கிறார்கள். விவசாய ஆபீசர் ஒரு பொட்டலம் கொடுத்தார், நல்ல விதை, இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் போதும் என்றார், பாய்ச்சத் தண்ணீர் இருந்தால் நான் ஏன் உங்களைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டில் இருப்பது ஒரு பானை விதை. சாம்பல் போட்டு வாயை மண்ணால் பூசி வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் மிச்சம் இருப்பது அதுதான். சோலை அடுத்த மழைக்கு மொத்தத்தையும் விதைக்க வேண்டும் என்று நிற்கிறான். அரைப்பானை விதைச்சா அரைவயிறுதான் ஆத்தா, பிள்ளை பிறக்கப்போகுது, எல்லாத்தையும் போடு, இல்லேன்னா மாட்டை வித்துட்டு நான் லாரில கிளீனராப் போறேன் என்கிறான். அவன் சொல்வதிலும் குற்றமில்லை, பசிக்கிறவன் கூட்டித்தான் பார்ப்பான். ஆனால் மொத்தத்தையும் போட்டு இந்த ஆவணி மழையும் ஏமாற்றினால் நீ சொன்ன சைபர் வந்துவிடும், அதற்குப் பிறகு விதைக்க ஒரு மணி இல்லை, சோலையும் இல்லை, காட்டைக் கேட்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் எங்கே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு பங்கைக் கையால் பிடித்து வைத்தாலும் அது எத்தனை நாளைக்கு. என் பயறு மெத்தென்ற பயறு, இரண்டாம் வருஷம் வண்டு துளைத்து மாவாகிவிடும். கல் என்றால் மண்ணுக்குள்ளேயே காத்துக் கிடக்கும், அதற்குப் பானையும் வேண்டாம் சாம்பலும் வேண்டாம். எட்டில் ஒரு பங்கா, நான்கில் ஒரு பங்கா, இப்படி இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் ஏமாற்றின பிறகு எவ்வளவு நிறுத்தி வைக்க வேண்டும் என்று பார்ப்பதற்காகப் போன வாரம் அடுப்படிச் சுவரில் சாணியைச் சுரண்டினேன். சாணியோடு கரியும் சேர்ந்தே வந்துவிட்டது. தானியக் குலுக்கையின் அடியைப் பெருக்கினேன், உரல் குழியைத் துழாவினேன், சுவர் வெடிப்பில் இருந்த மண்ணைக் குடைந்து எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், பழைய கல் ஒன்றாவது எங்காவது ஒட்டிக்கொண்டு இருக்காதா என்று. தங்கத்தாய் பார்த்துவிட்டு, அத்தைக்கு என்னமோ ஆயிருச்சு என்று சோலையிடம் சொன்னாளாம்.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கிலுகிலுப்பையை ஆட்டாதே என்று உனக்கு நானே புத்தி சொல்லி எழுதியிருக்கிறேன், உங்கய்யா அதற்குள் எதைப் போட்டு முடைந்தார் என்றும் நானே எழுதியிருக்கிறேன், எழுதின கைக்கு நேற்று உறைக்கவே இல்லை. உலகத்தில் மிச்சம் இருக்கிற நம் காட்டுக் கல், உன் மேஜை மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடிதான் இருக்கும், இருபத்துநாலு வருஷம் ஆகிறது, எல்லாம் உயிரோடு இருக்குமா என்று நான் கேட்க மாட்டேன், சிலது இருக்கும். கல் எவ்வளவு காலம் தூங்கும் என்று நீதானே கணக்குப் போட்டவள். உடனே நன்றாகப் பஞ்சு சுற்றிப் பார்சலில் அனுப்பு. நீ பிரிக்காதே. உங்கய்யா கை முடிச்சு அது, அவர் செய்ததில் உன்னிடம் வேறு எதுவும் இல்லை என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். அதை அவிழ்க்க எனக்குத்தான் தெரியும், ஓலை கிழியாமல் அவிழ்த்துக் கல்லை எடுத்துக்கொண்டு மறுபடி முடைந்து அனுப்பி வைக்கிறேன், உள்ளே வேறு ஏதாவது போட்டுத் தருகிறேன். கல்லைத் தரையில் தேய்த்துக் கீறிப் பாதியை முளைக்க வைப்பேன், மீதியைக் கீறாமல் மண்ணில் போட்டு அதன் இஷ்டத்துக்கு விடுவேன். இந்தத் தடவை சிரட்டையில் கல் கிடந்த செடி விதைக்கு, கல் இல்லாதது குழம்புக்கு. இன்னும் பத்து வருஷம் நான் இருந்தால் பார்க்கலாம்.

இதனால் நான் செய்தது தப்பு என்று எழுதவில்லை, அதைப் புரிந்துகொள். கல் இல்லாத பயறு நல்ல பயறு, இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன். நான் ஒழுங்காகத்தான் செய்தேன், வானம்தான் ஒழுங்காக இல்லை. அடுத்து ஏதாவது எழுதினால் திருச்சுழிப் பக்கம் சந்தனம்மாள் என்று பேர் போட்டு எழுது, கல்லை எடுத்தவளும் அவள்தான், கேட்டு வாங்கித் திருப்பிப் போட்டவளும் அவள்தான் என்று சேர்த்து எழுது.

எவ்வளவு விதை நிறுத்தி வைக்க வேண்டும் என்கிற கணக்கைப் பதிலில் போடு, கோடு போடாமல் பங்காகப் போடு. இந்தக் கடிதம் உனக்கு வந்து உன் பதில் எனக்கு வருவதற்குள் மழை வந்தாலும் வந்துவிடும், தெற்கே இன்று லேசாகக் கருக்கிறது, சோலை காலையிலிருந்து கலப்பையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அதற்குள் வந்துவிட்டால் பாதியை அவனிடம் கொடுத்துவிட்டு மீதிப் பானையின் மேல் நான் ஏறி உட்கார்ந்துகொள்வேன், எவன் வந்து தூக்குகிறான் என்று பார்க்கிறேன்.

காய்ச்சல் தலைவலி இல்லாமல், கையில் எடுத்த கணக்கெல்லாம் கைகூடி, பிறந்த மண்ணை மறக்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும், திருமேனிநாதரை அதற்குத்தான் தினமும் கேட்கிறேன். காலில் கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள், தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. ஓலை பழசு, ஒரு ஓட்டை விழுந்தாலும் கல் உருண்டு அந்த ஊர்த் தரையில் போய்விடும், அந்த ஈரத்தில் முளைத்தும் தொலைத்துவிடும். சுவரைத் தட்டுகிற வீட்டுக்காரம்மாவுக்காக இல்லை, எனக்காக, இனிமேல் அதை ஆட்டாதே.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சந்தனம்மாள்